கட்டிய படகின் இழுவை

தெல்மா கல்யாணமாகி மெர்ரிட் ஆற்று முகத்துவாரத்துக்கு வந்தபோது அங்கே நான்கு வீடுகள் இருந்தன. அவள் காலம் முடிகிற வரைக்கும் ஐந்தாவது வீடு எழும்பவில்லை. அவள் பிறந்து வளர்ந்தது ஹோகிட்டிகாவில். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து நாளெல்லாம் ஊரார் பேச்சை இணைத்துக்கொண்டிருந்தவளை, டெலிபோன் கம்பியே எட்டிப் பார்க்காத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தான் யூவன் பர்டி. ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் காடு. நியூசிலாந்தின் தென்தீவில், மேற்குக் கரையில், மழை விட்ட நாளைத்தான் ஜனங்கள் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். சாலை என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் ஆற்றோரமாகவே பதினெட்டு மைல் மேலே போய்ப் பாலத்தை அடைய வேண்டும். குதிரையில் இரண்டு நாள் பிடிக்கும். வானம் தெளிந்திருந்தால் வாரத்துக்கு ஒரு தடவை சின்ன விமானம் ஒன்று கடற்கரை மணலில் இறங்கி, மாவையும் தபாலையும் போட்டுவிட்டுப் போகும்.

யூவன் மாடு வளர்த்தான். அதற்கு முன்னால் மரம் அறுக்கும் மில்லில் இன்ஜின் பார்த்தவன். கை சும்மா இருக்காது. ஐம்பத்தெட்டாம் வருஷம், மகள் ரோனாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது, ஒட்டுப்பலகையில் ஒரு படகு கட்டி, பழைய காரின் இன்ஜினைத் தூக்கி அதில் வைத்தான். மலைக்கு அந்தப்புறம் யாரோ விற்ற ஜெட் பம்பு ஒன்றை வாங்கி வந்து பொருத்தினான். அந்தப் படகுக்கு வெளியே சுற்றுகிற விசிறி கிடையாது. அடியில் இருக்கிற கம்பித் தடுப்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே இம்பெல்லர் என்கிற தகட்டுச் சக்கரம் சுழன்று, பின்பக்கத்து வாய் வழியாகப் பீய்ச்சி அடிக்கும். அந்தத் தள்ளில் படகு முன்னே போகும். முழங்கால் ஆழம்கூட இல்லாத கூழாங்கல் ஆற்றில் அதுதான் ஓடும்.

அடுத்த வீட்டு டியோனேவுக்கு அதைப் பார்க்கிற போதெல்லாம் சிரிப்பு. அவன் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்து அந்த ஆற்றில் பொடிமீன் பிடிக்கிற மாவோரிப் பூர்வகுடிக் குடும்பம் அவர்களுடையது.

"ஊர்ல எல்லாப் படகும் துடுப்புப் போட்டுப் போகும், விசிறி சுத்திப் போகும். உன்னது மட்டும் மூத்திரம் பேஞ்சுக்கிட்டே போகுதேடா யூவன்."

"எவ்வளவு வேகமாப் பேயுதுங்கறதுலதான் சூட்சுமம் இருக்கு. நீ மீனப் பாரு," என்பான் யூவன்.

பாலத்துக்குப் போகிற வழியில், ஏழாவது மைலில் ஆறு ஒரு மலை இடுக்குக்குள் நுழைகிறது. அங்கே பாறைகளுக்கு மேல் தண்ணீர் அடுக்கடுக்காகக் குதித்து இறங்கும். ஊரில் அதற்குப் பெயர் படிக்கட்டு. தண்ணீர் வற்றின நாட்களில் யூவனின் படகு சிரமமில்லாமல் அதில் ஏறிவிடும். வெள்ளத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டிய அவசியம் அதுவரை வந்ததில்லை.

அறுபத்தொன்றாம் வருஷம் செப்டம்பரில் யூவன் ஹோகிட்டிகா பட்டறையில் சொல்லி, பின்பக்கத்து வாய்க்கு, அதாவது நாசிலுக்கு, அரை அங்குலம் அகலமாகப் புதிதாக ஒன்று கடைந்து வாங்கி வந்தான். எது நல்ல நாசில் என்று பார்க்க அவனிடம் ஒரு வழி இருந்தது. படகைத் தண்ணீரில் விட்டு, பின்னால் கயிறு கட்டி, அந்தக் கயிற்றின் மறுமுனையை இறைச்சி நிறுக்கிற பெரிய ஸ்பிரிங் தராசில் மாட்டி, தராசைக் கரையில் ஒரு முளையோடு கட்டிவிடுவான். பிறகு இன்ஜினை முழு வேகத்தில் முடுக்குவான். படகு எவ்வளவு இழுக்கிறது என்பதைத் தராசு முள் காட்டும். முள்ளைப் பார்த்துச் சொல்கிற வேலை தெல்மாவுடையது. பழைய நாசிலில் ஐநூற்று இருபது ராத்தல். புதியதில் ஐநூற்று அறுபது.

"நாப்பது கூடுதல்," என்று தெல்மா இரைச்சலுக்கு மேலே கத்தினாள். "இதையே மாட்டிடு."

அவன் மாட்டினான். பழையதைப் பட்டறை மேஜைக்கு அடியில் போட்டான்.

இரண்டு வாரம் கழித்து ரோனாவுக்கு வயிற்று வலி வந்தது. முதல் நாள் ஏதோ தின்றது சேரவில்லை என்று நினைத்தார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் ஏறி, முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு, நிமிர்த்தினால் கத்தினாள். மழை தொடங்கி மூன்று நாளாகியிருந்தது. விமானம் வர வழியில்லை. டியோனே வீட்டில்தான் ரேடியோ இருந்தது. அதில் டாக்டரைப் பிடித்தபோது, குடல்வால் போலத் தெரிகிறது, எப்படியாவது பாலத்துக்குக் கொண்டு வந்துவிடுங்கள், ஆம்புலன்ஸ் காத்திருக்கும் என்றார். யூவன் படகை இறக்கினான். தெல்மா மகளைக் கம்பளியில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

படிக்கட்டில் ஆறு பழுப்பாகவும் நுரையாகவும் வந்துகொண்டிருந்தது. யூவன் கால் மிதியை அடி வரைக்கும் அழுத்தினான். படகு முதல் இரண்டு அடுக்கை ஏறி, மூன்றாவதன் நடுவில் நின்றது. நின்றது என்றால், இன்ஜின் அலறிக்கொண்டிருக்கிறது, இரண்டு பக்கமும் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கிறது, ஆனால் கரையில் சாய்ந்து நின்ற ஒரு ரிமு மரம் தெல்மாவின் தோளுக்கு நேராக இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு கை அகலம் பின்னுக்குப் போகாதா என்று பார்த்தாள். பிறகு மெள்ள முன்னுக்கு வந்தது. படகு கீழே சறுக்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது தடவையும் அதே மரத்தண்டை நின்றது.

கீழே வந்து பாறை மறைவில் யூவன் படகை நிறுத்தினான். உபரி எரிபொருள் டப்பாவைத் தூக்கிப் போட்டான், கருவிப் பெட்டியைத் தூக்கிப் போட்டான், நங்கூரத்தையும் போட்டான். பிறகு போடுவதற்கு ஒன்றுமில்லை. படகை ஓட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்.

"நான் இறங்கிக்கறேன்," என்றாள் தெல்மா.

யூவன் படகைப் பாறையோடு அணைத்து நிறுத்தினான். வேண்டாம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் அவன் சொல்லவில்லை என்பது அவளுக்குப் பிறகு வெகுநாள் உறுத்திக்கொண்டிருந்தது.

ரோனா கண்ணைத் திறந்தாள். "அம்மா, நீ எங்க போற?"

"நீ அப்பாகூடப் போம்மா. நான் பின்னாடியே வந்துடறேன்."

பாறையில் நின்று பார்த்தாள். படகு மூன்றாவது அடுக்கில் தயங்கி, திணறி, அந்த மரத்தைத் தாண்டி, வளைவில் மறைந்தது. இன்ஜின் சத்தம் தேய்கிற வரைக்கும் நின்றிருந்துவிட்டு, ஏழு மைலும் காட்டு வழியே நடந்து டியோனே வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவன் மனைவி மேரே அவளுடைய ஈரத் துணியைக் களைந்து, அடுப்பங்கரையில் உட்கார வைத்து, சூடாகத் தேநீர் கொடுத்தாள். அதைத் தெல்மா குடிக்கவில்லை.

மறுநாள் காலையில் ரேடியோ கூப்பிட்டது. யாரோ ஒரு நர்ஸ் பேசினாள். வருஷக்கணக்காக அடுத்தவர் வீட்டுச் சேதிகளைக் கம்பியில் கடத்தியவள் தெல்மா. அந்த நர்ஸ் பேசுவதற்கு முன்னால் மூச்சை இழுத்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் ஹோகிட்டிகா போய்ச் சேருவதற்குள் குடல்வால் வெடித்துவிட்டது. அறுவை மேஜையில் வைத்தும் பிழைக்க வைக்க முடியவில்லை.

வானம் தெளிந்து விமானம் வந்தது நான்காம் நாள். அதில் ஏறிப் போய்த்தான் தெல்மா மகளைப் பார்த்தாள். ஹோகிட்டிகாவிலேயே அடக்கம் செய்தார்கள்.

யூவன் திரும்பி வந்து இரண்டு மாதம் மாட்டைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் படகைக் கரையேற்றி, ஜெட்டைக் கழற்றிப் பரப்பினான். அன்றைக்குத் தொடங்கியது ஆறு வருஷம் போயிற்று. மணல் தேய்த்துத் தேய்த்து இம்பெல்லருக்கும் உறைக்கும் நடுவே இடைவெளி விழுந்து, அது வழியாகத் தண்ணீர் பின்னுக்குக் கசிகிறது என்று கண்டுபிடித்து, உறைக்குள் புது வளையம் இறக்கினான். இம்பெல்லரின் தகடுகளை அரத்தால் ராவிக் கத்தி முனையாக்கினான். உறிஞ்சுகிற இடத்துக் கம்பிகள் தண்ணீரைக் கலக்கி நுரையை உள்ளே விடுகின்றன என்று அவற்றை மீன் வடிவத்தில் தட்டி எடுத்தான். சுழன்று வருகிற தண்ணீரை நேராக்க உள்ளே நிலைத்தகடுகள் வைத்தான். ஒவ்வொன்றும் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை படகை முளையில் கட்டுவான். தெல்மா போய்த் தராசண்டை நிற்பாள்.

"ஐநூத்தித் தொண்ணூறு."

"ம்."

சில வாரங்களில் அந்த எண்ணைத் தவிர அந்த வீட்டில் வேறு பேச்சே இருக்காது. ரோனா என்ற பெயர் அவர்கள் வாயிலிருந்து வரவில்லை. அவள் கட்டிலை மடித்து யார் உள்ளே வைத்தது என்றுகூட ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. பர்டிக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று சிலர் சொன்னார்கள். மற்ற ஆறுகளில் ஜெட் படகு வைத்திருந்தவர்கள் யோசனை கேட்டு வந்தார்கள். அவர்களிடம் கம்பியைப் பற்றியும் தகட்டைப் பற்றியும் மட்டும் பேசி அனுப்பினான்.

அறுபத்தேழு முடிவில் முள் அறுநூற்று எண்பதைத் தொட்டது. ஆனாலும் வெள்ளத்தில் சுமையோடு போனால் படிக்கட்டின் மூன்றாவது அடுக்கில் படகு திணறியது. தராசில் இத்தனை ஏறியும் ஆற்றில் ஏன் ஏறவில்லை என்பது அவனுக்கு விளங்கவில்லை. இன்னும் போதவில்லை என்றுதான் நினைத்தான்.

அடுத்த பிப்ரவரியில் படகு ஒரு பாறையில் உட்கார்ந்து பெரிய நாசில் விரிசல் கண்டது. டியோனேவுக்கும் மேரேவுக்கும் பாலத்துக்குப் போக வேண்டியிருந்தது. கூடவே பதினொரு பச்சை மாட்டுத்தோல். அப்போதைக்கு ஆகட்டும் என்று மேஜைக்கு அடியிலிருந்து பழைய நாசிலை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினான் யூவன். முந்தின நாள் மழையில் ஆறு நன்றாக ஏறியிருந்தது.

சாயங்காலம் திரும்பி வந்ததும் டியோனே நேராகத் தெல்மாவிடம் வந்தான். "இன்னைக்கு உன் வீட்டுக்காரன் படகுக்கு ரெக்க மொளச்சிருச்சு தெல்மா. நான், இந்தக் குண்டச்சி, அத்தனை தோலு. படிக்கட்டுல ஏறினதே தெரியல."

"யாரு குண்டச்சி? நீ இறங்கினதும் படகு ஒரு சாண் மேல வந்துச்சு," என்றாள் மேரே.

யூவன் மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் போனதும் படகை முளையில் கட்டினான். தெல்மா தராசைப் பார்த்தாள்.

"அறுநூத்திப் பத்து."

"திரும்பப் பாரு."

"அறுநூத்திப் பத்துதான் யூவன். எழுபது கொறஞ்சிருக்கு."

அவன் இன்ஜினை அணைத்துவிட்டுக் கூழாங்கல்லில் உட்கார்ந்தான். எது மாட்டியிருக்கிறாய் என்று அவள் கேட்டாள். பழையது என்றான்.

"எந்தப் பழசு?"

"அறுபத்தொண்ணுல கழட்டினது."

அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தி நிறுத்தி, அவளுக்குச் சொல்லி முடித்தான். நிற்கிற தண்ணீரில் கட்டிப்போட்ட படகுக்கு நிறையத் தண்ணீரைத் தள்ளுகிற அகல வாய்தான் நல்லது. ஆனால் ஆறே எதிர்த்து ஓடி வருகிறபோது கணக்கு வேறு. உள்ளே வருகிற தண்ணீரே வேகமாக வருகிறது. அதைவிட எவ்வளவு அதிக வேகத்தில் வெளியே அனுப்புகிறோமோ அந்த வித்தியாசம்தான் படகைத் தள்ளும். குறுகிய வாயில் தண்ணீர் குறைவு, வேகம் அதிகம். கட்டிய படகின் இழுவையைப் பார்த்து அவன் ஆறு வருஷம் ஓடும் படகைச் செய்துகொண்டிருந்திருக்கிறான். தெல்மா அவன் சொல்லாததையும் புரிந்துகொண்டாள்: பழைய நாசில் இருந்திருந்தால் அன்றைக்கு அவள் இறங்கியிருக்க வேண்டியதில்லை. எழுந்து போய் மாட்டைக் கறந்தாள்.

அதற்குப் பிறகு யூவன் செய்ததை டியோனேவால்கூடப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆறு வருஷமாகச் செய்த அத்தனையையும் ஒன்றொன்றாகக் கழற்றினான். தேய்ந்த உறை, பழைய மாதிரிக் கம்பி, ராவாத தகடு என்று திரும்ப மாட்டினான். படகு அறுபத்தொன்றில் எப்படி இருந்ததோ அப்படி ஆயிற்று. பழைய நாசில் மட்டும் மாட்டியபடியே இருந்தது. பிறகு வெள்ளத்துக்குக் காத்திருந்தான். டியோனேவின் படகுத்துறைக் கம்பத்தில், ரோனாவைக் கொண்டுபோன அன்றைக்கு எதுவரை தண்ணீர் நின்றது என்பது எல்லாருக்கும் தெரியும். அக்டோபரில் ஒரு காலையில் தண்ணீர் அந்த இடத்துக்கு வந்தது.

தெல்மா துறைக்குப் போனபோது அவன் இரண்டு மணல் மூட்டைகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தான். மூட்டைகளில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது. ஒன்றில் நூற்று முப்பது. இன்னொன்றில் ஐம்பத்தெட்டு.

அவள் கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்தாள். பிறகு பெரிய மூட்டையின் கட்டை அவிழ்த்து மணலைக் கரையில் கொட்டினாள். "இது நான்தானே? நானே வரேன்."

அவன் மறுக்கவில்லை. அவள் உட்கார்ந்ததும் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரொம்ப இளைச்சுட்ட. பதினஞ்சு ராத்தல் கொறையும்," என்றான். கொட்டின மணலில் கொஞ்சம் வாளியில் அள்ளி அவள் காலடியில் வைத்தான். ஏழு வருஷத்தில் அவளைப் பற்றி அவன் சொன்ன முதல் வார்த்தை அது. சின்ன மூட்டையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது அடுக்கில் படகு தயங்கியது. ரிமு மரம் அவள் தோளுக்கு நேரே வந்தது. தெல்மா கண்ணை மூடிக்கொள்ள நினைத்தாள், மூடவில்லை. நின்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். இன்றைக்கும் நின்றுவிட்டால் அன்றைக்கு நின்றதற்கு யாரும் பொறுப்பில்லை. மரம் ஒரு கை அகலம் பின்னுக்குப் போயிற்று. பிறகு முதுகுக்குப் பின்னால் போயிற்று. படகு மெதுவாக, சிரமப்பட்டு, மூன்று பேர் எடையோடு மேலே ஏறி அமைதியான தண்ணீருக்கு வந்துவிட்டது.

யூவன் இன்ஜினைத் தணித்தான்.

"அவ நகர்ந்து நகர்ந்து உக்காந்தா தெல்மா," என்றான். "நீ இறங்கினப்புறம். அம்மா வந்தா இடம் வேணும்னு. பாலம் வர்ற வரைக்கும் அந்தப் பாதி சீட்டுமேல கைய வச்சுக்கிட்டே வந்தா."

தெல்மா மூட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"இத இத்தனை வருஷம் உள்ளயே வச்சிருந்தியா?"

"நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன்."

"மாட்டுன்னு சொன்னது நான். நாப்பது கூடுதல்னு கத்தினது நான். அத வச்சுக்கிட்டு நான் பிப்ரவரியிலேருந்து தூங்கல. நீ ஒரு தடவ கேட்டியா?"

அவன் அதை நினைத்தே பார்த்திருக்கவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்ப வேண்டாம், பாலத்துக்கு விடு என்றாள். விட்டான். காலில் ரப்பர் பூட்ஸோடு, மாற்றுத் துணிகூட இல்லாமல், தபால் பஸ் ஏறி ஹோகிட்டிகாவில் தன் அக்கா ஏவிஸ் வீட்டுக்குப் போய்விட்டாள். துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லறைக்குப் போய்விட்டு வந்தாள். யூவன் கடிதம் எழுதவில்லை. அவளும் எழுதவில்லை.

ஐந்தாவது மாதம், தெற்கிலிருந்து வந்த ஒரு மாட்டுக்காரன் கடையில் மழைக்கோட்டு வாங்கிக்கொண்டே இன்னொருவனிடம் பேசிக்கொண்டிருந்தான். மெர்ரிட் ஆற்றுக்காரன் ஒருவன் ஜெட் படகு இருக்கிற ஒவ்வொரு ஆற்றுக்கும் நடந்தும் படகிலும் போய், கட்டிவைத்துத் தராசில் நிறுத்துப் பார்க்காதே, ஆற்றில் ஏற்றிப் பார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறானாம். கூடவே இருந்து நாசிலை மாற்றியும் கொடுக்கிறானாம்.

"எடுத்த எடுப்புல தன் பொண்ணப் பத்தித்தான் ஆரம்பிக்கறான். ரோனான்னு பேரு. அது எப்படிப் போச்சுன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டுத்தான் ஸ்பேனரையே கையில எடுக்கறான். என் பெஞ்சாதி அழுதுட்டா."

தெல்மா தான் யாரென்று சொல்லவில்லை. மழைக்கோட்டை மடித்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அடுத்த வாரம் வானம் தெளிந்ததும் விமானத்தில் வீட்டுக்கு வந்தாள். யூவன் வேலி அடித்துக்கொண்டிருந்தான்.

"எத்தன ஆறு போயிட்ட?"

"ஒம்போது. தெக்க இன்னும் ரெண்டு பாக்கி."

"அதுக்கு நானும் வரேன். நம்பர் படிச்சவ கதைய நீ சொல்லியிருக்க மாட்ட."

போனார்கள். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. சில நாள் பேசிக்கொண்டார்கள், பல நாள் இல்லை. அவன் இருமினால் அவளுக்கு எரிச்சல் வரும். அவள் இரண்டு நாள் பேசாமல் இருந்தால் அவன் பட்டறையிலேயே படுத்துக்கொள்வான். ஆனால் ரோனாவின் பெயரைச் சொல்ல முடிந்தது. அவள் இருந்தால் இப்போது என்ன வயது என்று ஒருவர் கேட்டால் மற்றவர் சொல்வார்.

எழுபத்துநான்கில் முகத்துவாரம் வரைக்கும் சாலை வந்தது. யூவன் படகை யாருக்கோ கொடுத்துவிட்டான், யாருக்கு என்று தெல்மா கேட்கவில்லை. ஐந்து வருஷம் கழித்து ஒரு நாள், மாட்டை ஓட்டிக்கொண்டு போனவன் வயலிலேயே விழுந்து போய்ச் சேர்ந்தான். மகள் பக்கத்தில் அவனை வைத்தார்கள்.

அதற்கு அடுத்த வருஷம், ஐம்பத்தைந்தாவது வயதில், தெல்மா கார் ஓட்டப் பழகினாள். மேரேதான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவுக்கும் ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டே பழக்கினாள். தனியாக ஓட்டிக்கொண்டு முதல் தடவை ஹோகிட்டிகா கல்லறைக்குப் போன அன்று நல்ல மழை. தெல்மா காரைவிட்டு இறங்காமல், கண்ணாடியை மட்டும் பாதி இறக்கிவைத்துக்கொண்டு, கொண்டுபோயிருந்த முட்டை சாண்ட்விச்சைத் தின்றாள். இரண்டு கல்லையும் அங்கிருந்தே பார்க்க முடிந்தது. மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று காரைத் திருப்பினாள்.